இறக்கைக்கு நேர் பின்னால்

மூச்சைப் பிடித்துக்கொண்டு டிக்கியின் வலது விளிம்பிலிருந்து நடுப்புள்ளிக்கு அளவு டேப்பை இழுத்தார் இறக்கைக்காரர். இடது விளிம்பிலிருந்து ஏற்கெனவே அளந்தாயிற்று. நடுவே கம்பெனிச் சின்னம் மின்னுகிறது; அதை வைத்து அளந்தால் வேலை சுலபம். ஆனால் அதை அவர் நம்பமாட்டார். "அதை ஒட்டினவன் அன்னைக்குப் பொண்டாட்டிகூட சண்டை போட்டுட்டு வந்திருந்தா?" என்பார்.

கார்களின் பின்பக்கம், டிக்கி மேல், ஸ்பாய்லர் என்ற நீளப் பட்டையைப் பொருத்துவது அவர் தொழில். தெருவில் எல்லோருக்கும் அது இறக்கை. ஆகவே அவர் இறக்கைக்காரர். அதே கொட்டகையின் மறுமூலையில் சீட் கவர் தைக்கும் பெண்ணுக்கு அவரோடு பேச்சு குறைவு. அவளுக்கு யாரோடும் குறைவுதான். ஆனால் மெஷின் மேல் குனிந்தபடியே எல்லாவற்றையும் பார்த்துவிடுவாள். புதுக் காரில் துளை போடுமுன் அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விடுவார். டிரில்லின் பிட்டில் முனை மட்டும் தெரியும்படி ஒட்டு டேப் சுற்றிக்கொள்வார். அதற்குமேல் உள்ளே இறங்கினால் விளக்கு வயர் போய்விடும். உதிர்ந்த இரும்புத்தூளை ஊதமாட்டார். விரல்நுனியில் கிரீஸ் தடவி, குழந்தையின் கண்ணிலிருந்து தூசி எடுப்பதுபோல ஒற்றி எடுப்பார்.

அன்று வந்த கார் அவர் மனைவியின் தம்பியுடையது. குடும்பத்தோடு வெளியூர் கிளம்பும் அவசரம்.

"மாமா, பசை டேப்பைப் போட்டு அமுக்கி விடுங்க, போதும். புது வண்டியில ஓட்டை போட்டா என் பொண்டாட்டி வீட்டுக்குள்ள விடமாட்டா."

"காருக்குள்ளயே படுத்துக்க மாப்ளே. இடந்தான் தாராளமா இருக்கே."

"கழண்டு விழுந்தா எனக்குத் தெரியாதா? நிறுத்தி எடுத்துக்கிறேன்."

இறக்கைக்காரர் டிரில்லைக் கீழே வைத்தார். "உனக்கு எங்க தெரியும்? நீ பாட்டைக் கேட்டுக்கிட்டே போயிடுவ. பின்னாடி பைக்ல வர்றவனுக்குத்தான் தெரியும். அதுவும் கழுத்துல வந்து விழும்போதுதான்."

தம்பிக்காரன் தலையைச் சொறிந்தான். "சரி, போடுங்க."

டிரில் பெயின்ட்டைத் தொட்ட நொடியில், மெஷினை மிதித்துக்கொண்டிருந்த தையல்காரியின் கால் தானாக நின்றுவிட்டது. எத்தனை முறை பார்த்தாலும் அப்படித்தான். தப்பினால் திருத்தமுடியாத இடத்தில் அந்தக் கை நடுங்காமல் இறங்குவது அவளுக்கு ஏதோ கோயிலில் நிற்பதுபோல இருக்கும்.

துளையின் விளிம்புக்குத் துரு ஏறாமல் பெயின்ட் தொட்டு, அது காயக் காத்திருந்தார். தம்பிக்காரன் கொட்டாவி விட்டான். பிறகு துளையைச் சுற்றிப் பசை. பாதி உடம்பை டிக்கிக்குள் நுழைத்து, மெல்லிய தகடு கிழியாமலிருக்க அகல வாஷர் கொடுத்து, இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சமாக நட்டை முறுக்கினார். பசை இறுகியதும் வாளித் தண்ணீரைக் கொட்டி, உள்ளே கசிகிறதா என்று காகிதத்தால் ஒற்றிப் பார்த்தார். கடைசியில் இரண்டு கையாலும் இறக்கையைப் பிடித்து ஓங்கி இழுத்தார். கார் மொத்தமும் குலுங்கியது.

"ஐயோ மாமா, காரு!"

"காரு வரலாம். இறக்கை வரக்கூடாது."

ஒவ்வொரு கார் கிளம்பும்போதும் அவரும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காணாமல் போய்விடுவார். டீ குடிக்க என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அன்று நூல் தீர்ந்துவிட்டது. தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அண்ணே, மெயின் ரோடு வரைக்கும்..."

"ஏறும்மா."

தம்பிக்காரனின் கார் முன்னால் போக, ஸ்கூட்டர் பின்னாலேயே போனது. நூல் கடை தாண்டியும் நிற்கவில்லை. நெடுஞ்சாலை தொடங்கும் இடத்தில், கார் சிக்னலுக்கு நின்றபோதுதான் நிறுத்தினார்.

"இங்கேயே எறங்கிக்கம்மா. இதுக்கு மேல நீ வேண்டாம்."

"நீங்க எங்கண்ணே போறீங்க?"

"கொஞ்ச தூரம். எல்லா வண்டிக்கும் போறதுதான். வேகம் எடுக்கிறப்போ பின்னாடி ஒருத்தன் இருந்து பாக்கணும்ல?"

அவள் இறங்கி ஓரமாக நின்றாள். இத்தனை காலமும் இதற்கா போய்வந்தார்!

கார் சீறிக்கொண்டு வேகமெடுத்தது. ஸ்கூட்டர் விலகிப் போகவில்லை. அந்த இறக்கைக்கு நேர் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டது. ஹெல்மெட் கண்ணாடியை மேலே தள்ளி, கழுத்தை நீட்டிப் பார்த்தபடி போனார். அவருக்குப் பின்னால் யாரோ ஒருவன் பைக்கில் நெருங்கினான். இறக்கையிலிருந்து கண்ணை எடுக்காமலே, இடக்கையைப் பின்னுக்கு நீட்டி, அவனைத் தள்ளிப் போகச் சொன்னார்.