விளக்கைச் சுற்றிய வளையம்

மின்சாரம் திரும்பியதும் எங்கள் தெருவில் முதலில் ஒரு தறி இருமும். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. கடைசியில் தெருவே தடதடக்கும். அந்தச் சத்தம் கேட்டால் இன்றும் என் தலை தானாகத் தெருவிளக்கை நோக்கி நிமிர்ந்துவிடுகிறது.

அன்று மாலையும் அப்படித்தான் நிமிர்ந்தேன். விளக்கைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில். உள்ளே நீலம், விளிம்பில் சிவப்பு. இடது கண்ணில் லேசான கனம், பொருட்படுத்தவில்லை. தறியில் அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்த என் மனைவி கோமதியைக் கூப்பிட்டேன்.

"இங்கன வா. லைட்டுக்கு யாரோ மாலை போட்ட மாதிரி இருக்கு பாரு, என்ன அழகு!"

அவள் விளக்கைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எனக்கு வெறும் லைட்டுதான் தெரியுது. ஒங்க கண்ணு செவந்து கெடக்கு. இதுல அழகு வேறயா?"

முன்பும் அந்தக் கண் சிவந்து, சொட்டு மருந்தில் அடங்கியிருந்தது. மிச்சம் அலமாரியில் இருந்தது. அதை எடுக்கப் போன கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாள் தறியை நிறுத்திவிட்டு என்னைத் திருநெல்வேலி பஸ்ஸில் ஏற்றி, தானும் ஏறினாள்.

மருத்துவர் கருவிக்குள் நெடுநேரம் பார்த்தார். யுவியைட்டிஸ் (விழியின் நடுப்படலத்தில் வரும் அழற்சி) மறுபடி வந்திருக்கிறது. கண்ணுக்குள் ஊறும் நீர் சரியாக வடியாமல் அழுத்தமும் ஏறிவிட்டது என்றார்.

"அதான் வளையம் தெரியுது. இப்படியே விட்டா பார்வை நரம்பு கெட்டுரும். போன பார்வை திரும்பாது. வீட்ல இருக்கிறது ஸ்டீராய்டு (அழற்சியை அடக்கும் மருந்து). சிலருக்கு அதுவே அழுத்தத்தை ஏத்தும். நீங்களா ஊத்தாதீங்க."

"இவுக அத ரசிச்சிட்டு நின்னாவ டாக்டர்," என்று கோமதி போட்டுக்கொடுத்தாள். மருத்துவரும் சிரித்துவிட்டார்.

அழற்சிக்கு ஒரு சொட்டு, அழுத்தத்துக்கு வேறொன்று. அளவை அவர்தான் பார்த்துப் பார்த்துக் குறைத்தார். சொட்டு விட்டதும் தொண்டையில் கசப்பு இறங்கும். கண்ணுக்கும் தொண்டைக்கும் வழி உண்டென்று அப்போதுதான் அறிந்தேன். நரம்பு தப்பியது.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களே, இது மறுபடி வரலாம். எனக்கு வந்தது, உடனே போனதால் மீண்டேன். முன்பெல்லாம் என் நாள் விடியலில் தொடங்கியது. இப்போது விளக்கெரியும் நேரத்தில், வளையம் இல்லாத வெறும் வெளிச்சத்தைப் பார்த்த பிறகே, அந்த நாள் எனக்குக் கிடைத்ததாகத் தோன்றுகிறது. அந்த வெறும் லைட்டை எனக்குத் தந்தவள் கோமதி.

போன வாரம் அவள் கடையநல்லூரில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குக் கிளம்பினாள். பஸ் ஜன்னலோரம் நின்றேன்.

"கரண்ட் வந்ததும் லைட்ட பாருங்க. வளையம் தெரிஞ்சா ரசிச்சிட்டு நிக்காதீய, போன் போடுங்க."

"தெரியலன்னா?"

பஸ் நகர்ந்தது. தலையை வெளியே நீட்டினாள்.

"அதுக்கும் போன் போடுங்க."