அகராதி அக்காவின் கடைசி அட்டை

“ஸ்ட்ராங்கா வேணுமா?” என்று டீக்கடைக்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல், “ஸ்ட்ராங்குன்னா நீங்க என்ன பண்ணுவீங்க? தூள் கூடவா, பால் கம்மியா?” என்று திருப்பிக் கேட்டபடி பையிலிருந்து உள்ளங்கை அகல அட்டை ஒன்றை எடுக்கிறாள் அகராதி அக்கா. பின்னால் நிற்பவர்கள் முனகுகிறார்கள். அதெல்லாம் அவள் காதில் ஏறாது. இரண்டும்தான் என்று அவர் சொன்னதை எழுதி, தேதியும் போட்ட பிறகுதான் டம்ளரைக் கையில் வாங்குவாள்.

ஆங்கிலம்–தமிழ் அகராதி தயாரிக்கும் அலுவலகத்தில் அவளுக்கு இருபத்தாறு வருஷ வேலை. எஸ் எழுத்து முழுக்க அவள் பொறுப்பு. ஒரு சொல்லுக்கு ஒரு பொருளை எழுத வேண்டுமானால், அந்தப் பொருளை வைத்துப் பிழைக்கிற ஒருவர் வாயால் அதைக் கேட்டாக வேண்டும். அதுவரை அட்டை காலியாகவே கிடக்கும். ‘அகராதி புடிச்ச பொம்பள’ என்று அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அது அவள் காதுக்கும் எட்டியது. “புடிச்சதுனாலதானே சம்பளம் குடுக்கறாங்க” என்றாள்.

பழைய பதிப்பில் ஸ்ட்ரெங்த் என்ற சொல்லுக்கு ‘பலம்’ என்று ஒற்றை வார்த்தை போட்டுக் கைகழுவி இருந்தார்கள். அதை நம்பி, வகுப்புவாரியாக மாணவர் பலத்தை எழுதி அனுப்பச் சொல்லி ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சுற்றறிக்கை போக, அங்கிருந்த வாத்தியார் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி எடையை எழுதி அனுப்பிவிட்டார். கேட்டது தலை எண்ணிக்கையை. அந்தக் கதையைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்துவிட்டு, அன்றைக்கே அக்கா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைத் திருப்பி, ஒரு மாத்திரைக்குள் எவ்வளவு மருந்து என்பதுதான் அது என்று காட்டினார். கான்கிரீட் கட்டியை இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்க்கிறவர், உடைகிற நொடிவரை அது தாங்கிய பாரம் என்றார். கட்டி படாரென்று வெடித்தபோது அக்கா வாய் பிளந்து நின்றாள்.

இரும்பு வடத்துக்கான பொருளைக் கொடுத்தது அக்காவின் வீட்டுக்காரர். கிடங்கு ஒன்றில் கிரேன் ஓட்டுகிறவர். “இழுத்தாத்தான் தெரியும். சும்மா சுருட்டி வெச்சிருக்கற வடத்துக்கு ஏது ஸ்ட்ரெங்த்து?” என்று சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னார். அன்று மாலை அக்கா தடித்தடிப் புத்தகங்களைப் புரட்டி அந்தச் சொல்லின் பிறப்பைத் தேடினாள். அதுவும் கயிற்றைக் குறிக்கிற ஸ்ட்ரிங் என்ற சொல்லும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கலாம், இரண்டுக்கும் அடியில் கிடப்பது இறுக்கி முறுக்குவது என்ற எண்ணம் என்று அறிஞர்கள் எழுதியிருந்தார்கள். அக்காவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சங்கதியை இந்த மனுஷன் போகிறபோக்கில் சொல்லிவிட்டாரே!

அந்த மனுஷனுக்குத்தான் இரண்டு மாதம் முன்பு பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. தினமும் காலையில் ஆஸ்பத்திரியின் பயிற்சி அறைக்கு அக்கா அவரை அழைத்துப் போகிறாள். அங்கே கைக்கும் ஸ்ட்ரெங்த் உண்டு. சைபரிலிருந்து ஐந்து வரை மார்க். பயிற்சி கொடுக்கிற பெண் நாள் தவறாமல் சைபர் போட்டாள். போன வாரம் தயங்கித் தயங்கி, வெள்ளிக்கிழமை வரை பார்க்கலாம், அப்புறம் வலது கையை விட்டுவிட்டு இடது கையால் சாப்பிட, எழுதப் பழக்கலாம் என்றாள். அவர் சரியென்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதற்கு நடுவே அகராதியின் பதிப்பாசிரியர் நச்சரிக்கிறார். பக்கங்கள் அச்சுக்குத் தயார். வைத்தியத்தில் வருகிற அந்தப் பொருளுக்கு மட்டும் அட்டை வரவில்லை. ஏதாவது டாக்டர் புத்தகத்தைப் பார்த்து எழுதித் தொலையுங்களேன் என்கிறார். கேட்கவேண்டிய ஆள், அந்தப் பயிற்சிப் பெண், தினமும் எதிரிலேயே நிற்கிறாள். மார்க் ஒன்று என்றால் என்ன, இரண்டு என்றால் என்ன என்று அக்காவால் வாய்திறந்து கேட்க முடியவில்லை. கேட்டுவிட்டால் அது தன் வீட்டுக்காரருக்குக் கிடைக்காமலே போய்விடும் என்று ஒரு பயம். இத்தனை படித்தவளுக்கு இது என்ன கிறுக்குத்தனம் என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அப்படியும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. அந்தப் பெண் அவருடைய முன்கையில் விரலை வைத்து, மணிக்கட்டைத் தூக்கச் சொன்னாள். அவர் பல்லைக் கடித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. கை மரக்கட்டையாகக் கிடந்தது. இரண்டாவது தடவையும் அப்படித்தான். மூன்றாவது தடவை அந்தப் பெண் சட்டென்று நிமிர்ந்தாள். அக்காவின் கையைப் பிடித்து இழுத்து, இரண்டு விரல்களை அவருடைய முழங்கைக்குச் சற்றுக் கீழே பதித்தாள். மறுபடியும் தூக்கச் சொன்னாள்.

கை அசையவில்லை. தோலுக்கு அடியில் மட்டும் என்னவோ துடித்து அடங்கியது.

“இதுதான்க்கா ஒண்ணு. கை தூக்கணும்னுகூட இல்ல. உள்ள இவ்ளோ துடிச்சாலே ஸ்ட்ரெங்த்து இருக்குன்னுதான் எழுதுவோம். வலது கைய விடவேணாம்.”

இதுவும் ஒரு பலமா, கண்ணுக்கே தெரியாத இதற்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்களா என்று அக்கா மலைத்துப்போனாள். அசையாத கையைப் பார்த்த அவர் ஒன்றும் புரியாமல் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். அடுத்தவருடைய சக்கர நாற்காலி வாசலுக்கு வந்துவிட்டது. போதும், விரலை எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டு, வைத்த விரல்களை எடுக்காமல், “ஏங்க, இன்னொரு தடவ” என்றாள்.