சுண்ணாம்புக் கம்பத்துக்கு வழி

நாகப்பட்டினத்தில் கப்பலேறுகிறவர்களைப் பதினான்கு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போகிற கடிதங்களில் முத்திரை குத்துவது என் உத்தியோகம். ஆகையால் கடல் தாண்டுகிறவன் என்னென்ன தயார் செய்துகொள்ள வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கேட்காத பேருக்கெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே அம்மை குத்திக்கொண்டேன். மேல்தட்டில் விரிக்கப் பாய், பாய் பறக்காமல் கட்டக் கயிறு, குமட்டலுக்கு நார்த்தங்காய், பத்து நாளைக்கு அவல். இவை போதும். ஒரு மூட்டை அரிசியைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவர்கள் மூன்றாம் நாள் அதன்மேலேயே தலை சாய்த்துப் படுத்துவிடுவார்கள். பதினெட்டு ரூபாய் கொடுத்துச் சீட்டு வாங்கினேன். அக்கா வீட்டு விலாசத்தை இங்கிலீஷில் அழகாக எழுதி, ஒன்றைப் பெட்டியின் மூடியில் ஒட்டினேன். இன்னொன்றை மடியில் வைத்துக்கொண்டேன். அத்தான் பெயர், செரங்கூன் ரோடு, சிங்கப்பூர். அந்த விலாசத்துக்கு நான் போட்ட கடிதம் ஒன்றுகூடத் தவறியதில்லை.

நான் போன காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். அக்கா கல்யாணமாகிக் கடல் கடந்து ஏழு வருஷம். அவள் பெண் குழந்தைக்கு ஐந்து வயதாகியும் காது மூளியாகவே இருந்தது. மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்று அக்கா ஒரே பிடிவாதம். எனக்கோ மூன்று முறை லீவு கிடைக்காமல் போயிற்று. இந்தத் தடவை அத்தான் கண்டிப்பாக எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை ஒன்பதரையிலிருந்து பத்தரைக்குள் முகூர்த்தம்; அதற்குள் மாமன் வராவிட்டால் தம் தம்பியின் மடியில் வைத்துக் குத்திவிடுவார்களாம். அக்கா அதன் கீழே பென்சிலால் ஒரே வரி எழுதியிருந்தாள்: "நீ வந்துடு."

அக்காவின் கடிதங்கள் எல்லாவற்றிலும் தலைப்பில் "சுண்ணாம்புக் கம்பம்" என்று இருக்கும். வீட்டு வாசலில் வெள்ளையடித்த கம்பம் ஒன்று நிற்கிறது போலும், அதை அடையாளமாகச் சொல்கிறாள் என்று நானே அர்த்தம் பண்ணி அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். "அந்தக் கம்பத்துக்கிட்ட வேற வீடு வாசல் ஒண்ணும் கிடையாதாடா?" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் கேட்பாள். எனக்கு என்ன தெரியும்? அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

புதன்கிழமை சிங்கப்பூர் சேர வேண்டிய கப்பல், பினாங்கில் சரக்கு ஏற்றுகிறோம் என்று இரண்டு நாள் நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை விடியும்போதுதான் கரை தெரிந்தது.

ஆறரை மணி. டாக்டர் ஏறி வந்து மேல்தட்டுக்காரர்களை வரிசையாக நிறுத்திக் கையைப் பார்த்தார். நான் தழும்பைக் காட்டிவிட்டு ஒரே நிமிஷத்தில் நகர்ந்தேன். என் பாய்க்குப் பக்கத்துப் பாய்க்காரர் ஒருவர், "ஊசி குத்திக்கிட்டுத்தான் கப்பல் ஏறணுமா?" என்று வழியெல்லாம் என்னைக் கேலி செய்தவர். அவரை நோயாளிகளைத் தடுத்து வைக்கும் தீவுக்குப் படகில் ஏற்றினார்கள். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மீசையைத் தடவிக்கொண்டேன் என்பதை மறைப்பதற்கில்லை.

எட்டேகால் மணிக்குத் தஞ்சோங் பாகார் துறையில் இறங்கினேன். அத்தான் புதனும் வியாழனும் வந்து காத்திருந்து பார்த்துவிட்டுப் போயிருப்பார். இன்றைக்கு விசேஷ வீட்டை விட்டு எப்படி வருவார்? அக்கா வீடு அங்கிருந்து மூன்றரை மைல் என்று முன்பே எழுதியிருந்தார். தாராளமாக நேரம் இருந்தது. ஒரு சீனரின் ரிக்‌ஷாவில் பெட்டியை ஏற்றி, "செரங்கூன் ரோடு" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு ஓடினார். வழியில் கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் டிராம் வண்டியை வாய் பிளந்து பார்த்துக்கொண்டே போனேன்.

எட்டே முக்காலுக்கு வண்டி ஒரு நெருக்கமான தெருவில் நின்றது. எங்கும் செட்டியார்கள் வட்டிக்கு விடும் கிட்டங்கிகள். தமிழன் என்றால் செட்டித் தெருவுக்குத்தான் வந்திருப்பான் என்பது வண்டிக்காரரின் கணக்கு. "இது இல்லை, செரங்கூன் ரோடு" என்றேன். மறுபடி தலையாட்டி இன்னொரு பக்கம் ஓடினார். அது ஆற்றங்கரை. மடியிலிருந்த விலாசச் சீட்டை எடுத்து நீட்டினேன். பார்த்துவிட்டுப் பணிவாகத் திருப்பிக் கொடுத்தார். பஞ்சாபிப் போலீஸ்காரர் ஒருவரிடம் காட்டினேன். அவரும் அதையே செய்தார். நான் குரலை உயர்த்தி அதே இரண்டு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். புரியாத பாஷை உரக்கச் சொன்னால் புரிந்துவிடும் என்று நினைக்கிற மனிதர்களைத் தபால் ஆபீஸில் எத்தனை பேர் பார்த்திருக்கிறேன்!

திரும்பச் செட்டித் தெருவுக்கே வந்தபோது ஒன்பதே முக்கால். கைக்கடக்கமான மேசையில் நாணயங்களைப் பரப்பிக்கொண்டு காசு மாற்றுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தொப்பியையும் கைலியையும் பார்த்ததுமே நம் கரைக்காரர் என்று தெரிந்தது.

"மரைக்காயருக்கு எந்த ஊரு?" என்றேன்.

"நாகூரு. தம்பி ஏன் இப்புடி வேர்த்துப் போயி நிக்கிறீங்க?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் சீட்டை வாங்கிப் படித்தார்.

"செரங்கூன் ரோடு மைல் கணக்கா போவுது தம்பி. அதுல எங்க? பக்கத்துல என்ன இருக்கு?"

"வாசலில் வெள்ளையடித்த கம்பம் ஒன்று இருக்குமாம்."

"கம்பமா? அவங்க எப்படி எழுதுவாங்க, அதைச் சொல்லுங்க."

"சுண்ணாம்புக் கம்பம்."

அவர் சிரித்த சிரிப்பில் மேசை நாணயம் குலுங்கியது. "அது நடுற கம்பம் இல்ல தம்பி. மலாய்ல கம்போங்னா ஊரு. நம்ம ஆளுங்க கம்பம்னுடுவாங்க. சுண்ணாம்புக் காளவாய் இருந்த ஊரு, அதான் சுண்ணாம்புக் கம்பம். நம்ம சனம் அம்புட்டும் அங்கதான் கெடக்கு. இங்கிலீசுல கேட்டா எவனுக்குத் தெரியும்?" வண்டிக்காரரிடம் திரும்பி, "தேக்கா" என்று ஒரே சொல் சொன்னார்.

"தேக்கா!" என்றார் வண்டிக்காரர், இவ்வளவுதானா என்கிற முகத்தோடு. வெள்ளைக்காரனுக்கு ஒரு பெயர், சீனனுக்கு ஒரு பெயர், நமக்கு ஒரு பெயர். நான் தெரிந்து வைத்திருந்தது கடிதத்துக்கு மட்டும் வழி தெரிந்த பெயர்.

பிறகு அவர் ஓடிய ஓட்டத்தை மறக்க முடியாது. மாட்டுக் கொட்டில்கள் வந்தன, பால் குடத்தோடு ஆட்கள் வந்தார்கள், காளி கோயில் மணி கேட்டது. வெற்றிலைக் கடையில் நின்ற ஒருவரிடம் அத்தான் பெயரைச் சொன்னேன். "காதுகுத்து வீடுதானே? மாமன் வரலேன்னு அந்தம்மா வாசல்லயே நிக்குது, போங்க" என்றார். பத்து இருபது.

அத்தானின் தம்பி மனைப் பலகையில் உட்கார்ந்திருந்தார். குழந்தை அவர் மடியில். ஆசாரி ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். அக்கா என்னைப் பார்த்ததும் வாசலை விட்டு விலகி வழி விட்டாள். அந்த மனிதர் சட்டென்று எழுந்து குழந்தையை என்னிடம் நீட்டினார். கால்கூடக் கழுவாமல் உட்கார்ந்தேன்.

"இவங்கதான் மாமாவா?" என்று கேட்டது குழந்தை. ஊசி இறங்கியபோது வீறிட்டு அழுது என் சட்டையைப் பற்றிக்கொண்டது. நானும் அழுதேன். அதற்கு எனக்கு வெட்கமில்லை.

சாப்பிடும்போது கம்பத்துக் கதையைச் சொன்னேன். பந்தியே சிரித்தது. அக்கா மட்டும், "ஏழு வருஷமா ஊர்ப் பேரை எழுதிட்டுத்தானேடா அடுத்த வரியே எழுதினேன்" என்றாள்.

பன்னிரண்டு நாள் அங்கே இருந்தேன். காலையில் பால்காரர் குரல் கொடுப்பார். பக்கத்து வீட்டு மலாய்ப் பெண் பலகாரத் தட்டோடு வருவாள். மாலையில் கோயிலுக்குக் கிளம்பினால் அக்காவை நிறுத்திப் பேசாத வாசல் கிடையாது. நாகப்பட்டினத்தில் எங்கள் தெருவில் எனக்கு அத்தனை பேரைத் தெரியாது. நானும் அம்மாவும் ஏழு வருஷமாக அவளைக் கண் காணாத தேசத்தில் ஒரு வெள்ளைக் கம்பத்தின் ஓரம் தனியாக நிறுத்தி வைத்து அழுதிருக்கிறோம்.

வெளிநாடு புறப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது: அம்மை குத்திக்கொள்ளுங்கள், அரிசி மூட்டை வேண்டாம், போகிற இடத்தை அங்கே இருக்கிறவர்கள் எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

துறையில் குழந்தை புதுத் தோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. கப்பல் ஏறும்போது அக்கா என் கையைப் பிடித்தாள்.

"அம்மா கேட்டா, கம்பம் நல்லா இருக்குன்னு சொல்லு."