இடுப்பில் கட்டிய சாமி சேலை

எனக்குப் பேய், ஆவி எதிலும் நம்பிக்கை கிடையாது. இப்போதும் கிடையாது என்றுதான் சொல்வேன், ஆனால் சொல்லும்போது குரல் முன்னைப்போல வருவதில்லை. உச்சி வெயிலில் புளியந்தோப்பு வழியாக ஒற்றையாய் வயலுக்குக் கஞ்சி கொண்டுபோனவள் நான். சாமி வந்து ஆடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும், மாமியாரிடம் அதற்காகத் திட்டும் வாங்கியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் சொல்கிறேன், கேட்டுவிட்டு நம்பினாலும் நம்புங்கள், நம்பாவிட்டாலும் போங்கள்.

எங்கள் வீடு கல்லலுக்குப் பக்கத்தில், விவசாயக் குடும்பம். எனக்குக் கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் இருக்கும், அறுபத்தெட்டோ அறுபத்தொன்பதோ. அறுப்பு முடிந்து களத்தில் வைக்கோலைப் போராக அடுக்கிப் படப்புப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உச்சியில் நின்று மிதிப்பது ஆண்கள் வேலை, நான்தான் வீம்புக்கு ஏறினேன். கால் சறுக்கிக் கீழே நின்ற மாட்டுவண்டிச் சக்கரத்தில் இடுப்பு மோத விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்தால் இடுப்புக்குக் கீழே வேறு யாருடைய உடம்போ கிடப்பதுபோல இருந்தது.

"துணிய எடுத்து இடுப்பச் சுத்தி இறுக்கிக் கட்டுங்கப்பா, சும்மாத் தூக்காதீக" என்று களத்தில் யாரோ கத்த, என் வீட்டுக்காரர் வீட்டுக்குள் ஓடிக் கைக்கு அகப்பட்ட சேலையைக் கொண்டுவந்து கட்டினார். அப்படியே வண்டியில் போட்டு, பிறகு ஒரு காரைப் பிடித்துக் காரைக்குடியில் ஒரு டாக்டரிடம் கொண்டுபோனார்கள். படம் எடுத்துப் பார்த்தவர், இடுப்புக்கூட்டில் எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, ஆனால் விலகவில்லை, அறுக்க வேண்டாம், தானே கூடும் என்றார். கட்டைத் தொட்டுப் பார்த்து, நன்றாகப் பிடித்திருக்கிறது, தளர்ந்தால் இறுக்கிக்கொள்ளுங்கள், ஒன்றரை மாதம் பலகையில் மல்லாந்து கிடக்க வேண்டும், புரண்டால் பழைய நடை வராது என்றும் சொன்னார். எனக்குச் சாவதற்குப் பயமில்லை, நடை போய்விடுமோ என்றுதான் பயந்தேன். இன்னொருத்தர் தூக்கிவிட்டு எழுந்திருக்கிற பிழைப்பு எனக்கு ஆகாது.

வீட்டில் பலகையில் கிடத்திய பிறகுதான் மாமியார் அந்தக் கட்டை உற்றுப் பார்த்தார்.

"ஏண்டா, இந்தச் சேலைய எங்கடா எடுத்தே?"

"உள்ள பெட்டியில இருந்துச்சு ஆத்தா, அவசரத்துல எந்தப் பெட்டின்னு பாக்கல" என்றார் என் வீட்டுக்காரர்.

"அடப் பாவிப்பயலே, சின்னாயி சேலையில்ல அது!"

சின்னாயி எங்கள் வீட்டுச் சாமி. எந்தக் காலத்திலோ அந்த வீட்டில் வாழ்ந்து செத்தவள். வருஷா வருஷம் மாசியில் அவளுக்குப் புதுச்சேலை வைத்துக் கும்பிட்டு, ஓலைப்பெட்டியில் மடித்து உத்தரத்தில் தொங்கவிடுவோம். தலைக்குக் குளிக்காமல் அந்தப் பெட்டியை யாரும் தொட மாட்டார்கள்.

"அவ எந்திரிக்க மாட்டாமத் தரையில தவந்தே செத்தவடா. கட்டுனவளையும் தவழ வச்சிருவா" என்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"தவந்துக்கிட்டே ஒங்களுக்குச் சோறாக்கிப் போடுறேன் அத்தை, நீங்க ஏன் பயப்படுறீக" என்றேன்.

"ஒனக்கு வாயில மட்டும் ஒரு எலும்பும் முறியலடி."

மறுநாள் மாமியார் தலைக்குக் குளித்துவிட்டு வந்து, என் இடுப்பில் அந்தக் கட்டுக்கு மேலே வேறு துணியைச் சுற்றிவிட்டுப் பழைய கட்டை அவிழ்க்கப் பார்த்தார். அவிழவில்லை. ஈரத்தில் இறுகிய தும்புக்கயிறு மாதிரி இருந்தது, நகம் பிய்ந்ததுதான் மிச்சம். மகனைக் கூப்பிட்டார். அவரோ முடிச்சைப் பார்த்து முழித்தார். "நான் முன்னாலதான முடிஞ்சேன், இது எப்பிடி இடது பக்கம் போச்சு?" வெட்டிவிடலாம்தான். சாமி சேலையில் கத்தி வைக்க யாருக்குக் கை வரும்? அவிழ்க்கவும் முடியாமல், வெட்டவும் முடியாமல் அப்படியே கிடந்தேன்.

இனிமேல் சொல்வதுதான் நீங்கள் சிரிக்கப்போகிற இடம். நான் கிடந்த அறையின் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு பதித்திருந்தார்கள். அதன் வழியே விழுகிற வெயில் கட்டம் காலையில் சுவரில் இருக்கும், மெல்ல இறங்கித் தரையில் ஊர்ந்து, வீடே சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்த நேரத்தில் என் பலகையின் கால்மாட்டுக்கு வரும். எனக்கு வேறு வேலை ஏது, அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அது என் பாதத்தைத் தொட்டதும் அதில் பறக்கிற தூசு அப்படியே நின்றுவிடும், கோழி கிளறுகிற சத்தம்கூடத் தூரமாகப் போய்விடும், பழஞ்சேலையும் மஞ்சளும் கலந்த ஒரு வாசம் வரும். அப்போது என் இடது இடுப்பில் ஒரு முழங்கால் வந்து அழுந்தும். வைக்கோல் கட்டுக் கட்டும்போது முழங்காலை ஊன்றித்தானே கயிற்றை இழுப்போம், அதே மாதிரி. வலிக்காது, பாரம் மட்டும் தெரியும். "மூச்ச வெளிய விடுடி" என்று காதோரம் கேட்கும், நானும் விடுவேன், சேலை ஒரு இழுப்பு இறுகும். ஆற்றுத் தண்ணீரில் மிதப்பதுபோல உடம்பு லேசாகிவிடும். கண்ணைத் திருப்பிப் பார்த்தால் ஆள் இருக்காது. வெயில் கட்டம் அந்தப் பக்கம் நகர்ந்திருக்கும்.

கனவு என்று வைத்துக்கொள்ளுங்கள், நானும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். ஆனால் மாமியார் தினமும் கட்டைத் தொட்டுப் பார்ப்பார், அது ஒருநாளும் தளரவில்லை. இன்னொன்று, பெண்களுக்குத்தான் புரியும். சாமி சேலையோடு கிடக்கிறவளுக்கு மாதம் வந்தால் என்ன செய்வது என்று மாமியார் சோறு இறங்காமல் திரிந்தார். அது வரவே இல்லை. அதிர்ச்சியில் நின்றிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம், இருக்கலாம்.

தவணை முடிந்த அன்று மாமியார் ஈரச்சேலையோடு வந்து, சூடம் காட்டி, "தாயி, புள்ளைய விட்டுரு" என்று சொல்லி முடிச்சைத் தொட்டார். பூக்கட்டின் நார் நழுவுவதுபோல அது கையோடு வந்துவிட்டது. ஒன்றரை மாதம் ஒரு பெண் கட்டிக்கிடந்த சேலை எப்படி இருக்கும், உங்களுக்கே தெரியும். அதில் பெட்டியில் வைத்த மடிப்புக்கூடக் கலையவில்லை. மாமியார் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, அதை மடித்து ஓலைப்பெட்டியில் வைத்து மூடினார். முதலில் அவர் தோளைப் பிடித்து நடந்தேன், பிறகு சுவரைப் பிடித்து, அப்புறம் எதையும் பிடிக்காமல். மறு அறுப்புக்குப் படப்பில் ஏறினேன், அதற்கும் திட்டு விழுந்தது.

அடுத்த மாசியில் சேலை மாற்றப் பெட்டியைத் திறந்தபோது, மாமியார் மடித்து வைத்திருந்த சேலையில் இடது ஓரமாய் ஒரு முடிச்சு இருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். அதற்கு அடுத்த மாசியிலும் இருந்தது. மாமியாருக்குப் பிறகு பெட்டி என் பொறுப்பு, நானே மடித்து நானே மூடுகிறேன், ஒரு மாசிகூடத் தப்பியதில்லை. பல் போன பிறகு ஊசியால் நெம்பி அவிழ்ப்பேன். என் வயதில் ஊரில் பாதிப்பேர் கம்பு ஊன்றுகிறார்கள், நான் இன்னும் பஸ் ஏறிக் காரைக்குடிச் சந்தைக்குப் போய்வருகிறேன். அந்த முடிச்சைப் போட்டு அவள்தான் என் இடுப்பைப் பிடித்திருக்கிறாள் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

போன மாசியில் முடிச்சு இல்லை.

சேலை வைத்தது வைத்தபடி இருந்தது. யாருக்கும் சொல்லவில்லை. புதுச்சேலையில் இடது ஓரமாய் நானே ஒரு முடிச்சை இறுக்கிப் போட்டுப் பெட்டியை மூடினேன். மறுநாள் குளித்துவிட்டுத் திறந்து பார்த்தேன். முடிச்சு அவிழ்ந்து, முந்தானை நீவிவிட்டதுபோல மடிப்பாக இருந்தது.

அன்றிலிருந்து காலையில் எழும்போது என் கை தானாகக் கட்டில் சட்டத்தைத் தேடுகிறது. பிடித்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டு, அப்புறம்தான் காலைத் தரையில் வைக்கிறேன்.