தாளித்த சாத்தர்

எள் தீய்ந்தால் முதலில் லேசாக ஒரு இனிப்பு, பிறகு கசப்பு. பக்கத்து வீட்டில் யாரோ இட்லிப் பொடிக்கு எள் வறுக்க வைத்து அடுப்பை மறந்துவிட்டார்கள். அந்த வாசனை சன்னலில் நுழைந்ததும் எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டேன். கடலூரில் நான் தனியாகச் சமைத்த அந்த ஞாயிற்றுக்கிழமை மூக்கில் ஏறிக்கொண்டது.

அப்போது என் மனைவி சிதம்பரத்தில் இருந்தாள். அவள் தம்பி துபாயில் ஒரு லெபனான் உணவகத்தின் அடுப்படியில் பல வருஷம் நின்றவன். ஊர் திரும்பி, சிதம்பரத்தில் ரயிலடிக்குப் போகிற வழியில் சின்னதாகக் கடை போட்டான். கண்ணாடி பாட்டில்களில் தேசம் தேசமாக ருசி: துனீசியாவின் மிளகாய் விழுது ஹரிஸ்ஸா, கொரியாவின் புளிக்கவைத்த மிளகாய் விழுது கொச்சுஜாங், லெபனானின் சாத்தர் பொடி. இதில் ஏதாவது ஒன்றை ரொட்டியில் தடவி, கோழியை வைத்துச் சுருட்டிக் கொடுப்பான். கல்லூரிப் பிள்ளைகள் தெருவை அடைத்துக்கொண்டு நின்றார்கள். ஒத்தாசைக்கு ஒரு வாரம் என்று போன அவன் அக்கா, ஆடி முடிந்தும் திரும்பவில்லை.

காரணம் வடகம். சின்ன வெங்காயத்தோடு கடுகு, உளுந்து, வெந்தயம் பிசைந்து வெயிலில் உருட்டிக் காயவைப்போமே, எங்கள் பக்கத்து மீன் குழம்புக்குக் கடைசியில் தாளித்துக் கொட்டுவோமே, அது. அதைப் பொரித்து ஹரிஸ்ஸாவோடு இடித்து அவள் ஒரு விழுது செய்தாளாம். சாயங்காலத்துக்குள் பாட்டில் எல்லாம் காலி என்று போனில் சொன்னாள். நல்லது என்றேன். எனக்கு ஒன்றும் நல்லதாக இல்லை.

அந்தக் கை மணம் என் ஒருவனுக்கானது என்று இத்தனை வருஷம் யாரும் சொல்லாமலே நினைத்திருந்தேன். இப்போது முகம் தெரியாத பையன்கள் விரலைச் சப்புகிறார்கள். மச்சான்மேல் பொறாமை. பாட்டில்கள்மேல் பொறாமை. போனில் மூடி திறக்கிற சத்தம் கேட்டால் அந்த மூடிமேலும். என்னோடு பேசும்போது இல்லாத ஒரு குரல் அங்கே அவளுக்கு வந்திருந்தது, பாதி சிரிப்பில் ஊறிய குரல். பேச்சு நடுவில், “இருங்க, ஆளு வந்திருக்கு” என்று வைத்துவிடுவாள். நானும் ஆள்தான். கடலூரில் இருக்கிற ஆள்.

சரி, நமக்கும் கை இருக்கிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை துறைமுகத்துக்குப் போய் சங்கரா மீன் வாங்கி வந்தேன். குழம்பு கொதித்தது. அலமாரியில், நடுவில் ஒரு நாள் மாற்றுத்துணி எடுக்க வந்தபோது அவள் வைத்துவிட்டுப் போன சாத்தர் பாட்டில். காய்ந்த இலைத்தூள், எள், புளிப்பாக ஒரு சிவப்புத் தூள். வடகம் போடுகிற இடத்தில் அதைப் போட்டேன். எள்ளோடு ஒரு பொடி கையில் கிடைத்தால் அதைக் காய்ந்த எண்ணெய்க்குக் காட்டாமல் எங்கள் ஊரில் யாருக்குக் கை அடங்கும்? எள் படபடவென்று வெடித்து முகத்தில் அடித்தது. இலை நொடியில் கரியானது. வைக்கோல் போர் பற்றியதுபோல் புகை. அந்த வேகத்திலேயே குழம்பில் கொட்டினேன்.

குழம்பைத் தூக்குச்சட்டியில் ஊற்றிக்கொண்டு சிதம்பரம் பஸ் ஏறினேன். குடிகாட்டுப் பக்கம் ஆலைகளின் ரசாயன நெடி வந்ததும் எல்லாரும் துண்டையும் முந்தானையையும் மூக்குக்குக் கொண்டுபோனார்கள். நான் தூக்குச்சட்டி மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். என் நெடியும் லேசுப்பட்டதல்ல.

கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. மச்சான் மூடியைத் திறந்து முகர்ந்தான்.

“என்னா மாமா, சாத்தரத் தாளிச்சிட்டீங்களா?”

“ஏன், தாளிச்சா என்னா?”

“லெபனான்காரன் பாத்தா அழுதுடுவான் மாமா. அத பச்சையா ஆலிவ் எண்ணெயில கொழச்சி ரொட்டியில தடவறது.”

அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. தட்டில் சோறு போட்டு, என் குழம்பை ஊற்றிப் பிசைந்தாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. இன்றைக்கே பையை எடுத்துக்கொண்டு என்னோடு கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன்.

விரலை நக்கிக்கொண்டே தம்பியிடம் திரும்பினாள். “கருகிப் போச்சு, ஆனா வழி இருக்குடா. அடுப்ப அணைச்சிட்டு அந்தச் சூட்டுல போட்டா வடகத்தோட சேரும்.” அவன் வாணலியை எடுத்தான். இரண்டு தலைகளும் அதன்மேல் குனிந்தன. உப்பு குறை, எள்ளு ஜாஸ்தி என்று அவர்களுக்குள் பேச்சு. அவளைக் கூட்டிவரக் கொண்டுபோன குழம்பும் கடைப் பக்கம் சேர்ந்துவிட்டது. நான் ஸ்டூலில் உட்கார்ந்து பாட்டில்களை முறைத்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட வந்தாள். அவள்மேல் எங்கள் வீட்டு வாசனை இல்லை. அந்தப் பொடிகளின் வாசனை, அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. எப்போது வருவாய் என்று கேட்டேன். கடைக்கு ஆள் தேடுகிறோம் என்றாள். தேடுகிற முகமாக இல்லை. யோசித்து வைத்திருந்த வார்த்தையெல்லாம் விட்டுவிட்டு உள்ளதைச் சொன்னேன்.

“எனக்குப் பொறாமையா இருக்குடி.”

கண்டக்டர் விசிலடித்தார். அவள் என் சட்டைக் காலரை இழுத்துச் சரி செய்தாள்.

“தெரியுது. இன்னும் கொஞ்ச நாளு பொறாமப்படுங்க. பஸ்ஸ எடுத்துட்டான், ஏறுங்க.”