பசி போன பிறகு

என் கணவர் கடையை அடைத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வந்ததே இல்லை. ஆரியசாலைக் கடைத்தெருவில் அவருக்குப் பருப்பு மொத்தக் கடை. கல்யாணமான புதிதில், என்னிடம் பேசவே கூச்சப்பட்ட நாட்களில், ஏத்தம்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரிப் பொட்டலத்தை மேசைமேல் வைத்துவிட்டு முகம் கழுவப் போய்விடுவார். பிறகு இருபத்திரண்டு வருஷமும் அப்படித்தான். எண்ணெய் ஊறிய தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு அன்று நடந்ததையெல்லாம் பேசுவோம். சண்டை போட்ட நாளிலும் பொட்டலம் வந்துவிடும். யார் முதலில் பிரிப்பது என்பதுதான் பிரச்சினை.

அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாற்பது வயதில் எனக்குச் சர்க்கரை வந்தது, அடுத்து ரத்த அழுத்தம். எடை நூற்றுப் பதினெட்டு கிலோ. தினமும் நான்கு ஊசி. நான் வேலை பார்க்கும் பள்ளியில் அலுவலகம் மாடியில் இருக்கிறது. பாதிப் படியில் நின்று, கைப்பையில் எதையோ தேடுவதுபோல மூச்சு வாங்கிக்கொள்வேன். இதயத்தை ஸ்கேன் செய்த டாக்டர், சுவர் தடித்திருக்கிறது, எடையைக் குறைப்பதை இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்றார். இரைப்பையைச் சிறிதாக்கிக் குடலோடு இணைக்கும் ஆபரேஷனுக்குச் சம்மதித்தேன்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் காலை விரலில் குத்திப் பார்த்த மலையாள நர்ஸ், "சேச்சி, இன்னிக்கி இன்சுலின் வேண்டா, கேட்டோ," என்றாள். எடை இன்னும் பெரிதாகக் குறைந்திருக்கவில்லை. சாப்பாடு போகும் வழி மாறியதுமே குடலில் சுரப்பவையும் மாறிவிடும், அதனால்தான் என்றார் டாக்டர். இத்தனை வருஷம் ஊசி குத்திய வயிற்றைத் தடவிக்கொண்டு அழுதேன். அது சந்தோஷம்தான்.

வீடு திரும்பிய அன்று மாலை அவர் முதல்முறையாக வெறுங்கையோடு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, கையை எங்கே வைப்பதென்று தெரியாதவர்போல நின்றார்.

"இனி ஒண்ணும் வாங்கிட்டு வரண்டாம், இல்லியா?"

"உங்களுக்கு வாங்கிக்கிடலாமே."

"எனக்கு மட்டும் எதுக்கு?"

அன்று எங்களுக்குப் பேச எதுவும் கிடைக்கவில்லை. எனக்கோ பசி என்பதே இல்லாமல் போயிருந்தது. போனில் அலாரம் அடித்தால் நான்கு கரண்டி பருப்பு மசியல், விட்டமின் மாத்திரை. முன்பெல்லாம் நாலரை மணிக்கு வயிறு கிள்ளும், வாசலைப் பார்க்கத் தோன்றும். அந்தக் கிள்ளலுக்காக ஏங்கினேன்.

ஐந்தாம் மாதம் ஒருநாள் கடைக்குப் போன் செய்து, பழம்பொரி வாங்கி வரச் சொன்னேன். அன்று சீக்கிரமே வந்துவிட்டார். அரைத் துண்டை அவசரமாகத் தின்றேன். கால் மணி நேரத்தில் வியர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடவென்று அடித்தது.

"ஆட்டோ விளிக்கட்டா?" அவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார்.

"வேண்டாம். இனிப்பு சட்டுனு குடலுக்கு எறங்கினா இப்பிடி வரும்னு முன்னமே சொல்லியிருக்காங்க. படுத்தா செரியாவும்."

படபடப்பு அடங்கியபின் கேட்டார், "அவ்வளவு ஆசையா இருந்திச்சா?"

"திங்க ஆசையில்ல. நீங்க கொண்டு வரது வேணும்னு இருந்திச்சு."

அவர் என் கையை விடவில்லை.

ஒரு வருஷம் கழித்து எடுத்த ஸ்கேனில் இதயச் சுவரின் தடிப்பு குறைந்திருந்தது. மூன்று அழுத்த மாத்திரைகளில் ஒன்றுதான் மிச்சம். பசி திரும்ப வருமா என்று டாக்டரிடம் கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் அது வந்திடுமோன்னு பயந்துதான் கேப்பாங்க. கொஞ்சம் வரும். பழைய மாதிரி வராது."

இப்போது ஞாயிறு மாலைகளில் விழிஞ்ஞம் போகிறோம், கடலோரம் நடக்க. போன வாரம் நான் வேகமாக முன்னால் போய்விட்டேன். மூச்சு வாங்கியபடி அவர் பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"கொஞ்சம் நில்லு. கடையில நேத்து ஒரு சங்கதி நடந்திச்சு, சொல்ல மறந்திட்டேன்."

நின்றேன்.