மாஸ்டரின் வலது கால்

"கண்ணை மூடிக்கிட்டே சொல்லிக்குடுப்பாராம். எந்தக் கியர்ல போறோம், கிளட்ச்சை எவ்வளவு மிதிச்சிருக்கோம், எல்லாம் இன்ஜின் சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சிடுவாராம். எங்க ஓரகத்தியோட தங்கச்சி அவர்கிட்டதான் கத்துக்கிட்டா."

மருந்துக்கடை வரிசையில் முன்னால் நின்றவள் பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்றவள் அந்த டிரைவிங் மாஸ்டரின் மனைவி. ஸ்கூல் போனை எடுப்பது, பழக வருகிறவர்களுக்கு நேரம் கொடுப்பது, எல் போர்டைத் துடைத்து மாட்டுவது எல்லாம் அவள் பொறுப்பு. அதனால் எல்லோருக்கும் அவள் மாஸ்டரம்மா. கட்டியவரின் புகழை மூன்றாம் மனிதர் வாயால் கேட்பது எந்த மனைவிக்கும் கசக்காது. இவளுக்கு மட்டும் கசந்தது. மாஸ்டர் வண்டியில் எதற்குக் கண்ணை மூடுகிறார் என்பது அவளுக்குத் தெரியும். தூங்குவதற்கு.

மாஸ்டருக்குக் கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. தலை நேராகத் தோளில் உட்கார்ந்திருக்கும். பழகுகிறவர் ஸ்டியரிங்கின் முன்னால் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் பக்கத்து இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளிச் சாய்ந்துகொள்வார். அவர் காலடியில் இன்னொரு பிரேக் உண்டு. வலது காலை அதன்மேல் வைத்துக்கொண்டுதான் பாடம் தொடங்கும்.

"பிரேக்கு என்கிட்ட இருக்கு. பயத்தையும் என்கிட்ட குடுத்துட்டு ஓட்டுங்க."

இது முதல் நாள் பாடம். இரண்டாம் நாள் பாடம் ஸ்டியரிங்கைப் பற்றியது. "ஏங்க, அது என்ன பண்ணிச்சு உங்கள? கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க. தளர்த்திப் பிடிங்க. அது எங்கயும் ஓடிப் போயிடாது." மூன்றாம் நாளும் இதேதான். சிலருக்குக் கடைசி நாள்வரை இதேதான்.

அந்த வலது கால் வண்டியை விட்டு இறங்கினாலும் வேலையை விடாது. பஸ்ஸில் போனால் முன்இருக்கையின் அடியை மிதிக்கும். சினிமாவில் கார் துரத்தல் வந்தால், முன்வரிசையில் இருப்பவர் திரும்பி முறைப்பார். டிவியில் குழந்தை ஒன்று மூன்று சக்கர சைக்கிளில் சுவரை நோக்கிப் போனதற்கு டீப்பாயை மிதித்து நகர்த்தியவர் மாஸ்டர்.

படுக்கையில் அது மிதிப்பது மாஸ்டரம்மாவின் கெண்டைக்காலை.

அது நடக்கும் விதம் இப்படி. மாஸ்டரின் குறட்டை முதல் கியரில் கிளம்பி, மேட்டில் ஏறும் லாரி போல முக்கி முனகி மேலே போகும். உச்சிக்குப் போனதும் நின்றுவிடும். குறட்டை மட்டுமல்ல, மூச்சும். அந்த இடைவெளியில் மாஸ்டரம்மா இருட்டில் கண்ணை விழித்துக்கொண்டு காத்திருப்பாள். எழுப்பலாமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று அவள் கையைத் தூக்கும்போது, முழுகியவர் மேலே வந்தது போல ஒரு பெருமூச்சு வரும். கூடவே கால் பிரேக்கை மிதிக்கும். பிறகு மீண்டும் முதல் கியர். அவள் காலில் ஒரு நீலக் கன்றல் ஆறினால் அடுத்தது தயாராக இருக்கும்.

இரவெல்லாம் மூச்சுக்கு அலைந்தவர் பகலில் எங்கே உட்கார்ந்தாலும் தூங்கினார். வண்டியில் உட்காருவதுதான் அவர் வேலை.

குட்டை உடைத்தவர் பழக வந்த ஒரு பல் டாக்டர். "நேரா போங்க. நான் சொல்றப்ப திரும்புங்க" என்றார் மாஸ்டர். டாக்டர் சொன்ன சொல்லைத் தட்டாதவர். மாஸ்டர் சொல்லவில்லை, டாக்டர் திரும்பவில்லை. கடைகள் முடிந்து, வீடுகள் முடிந்து, இருபுறமும் வெறும் வயல்வெளி வந்தது. பெட்ரோல் முள் சிவப்பைத் தொட்டபோது டாக்டர் ஓரமாக நிறுத்தி, தொழில் பழக்கத்தில், பிளந்திருந்த வாய்க்குள் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தார்.

"மாஸ்டர், உங்க தொண்டை ரொம்பக் குறுகலா இருக்கு. தூங்கறப்ப மூச்சு நின்னு நின்னு வருதான்னு வீட்டுல கேளுங்க."

"இடது பக்கம் திரும்புங்க" என்றார் மாஸ்டர், கண்ணைத் திறந்து.

தூக்கத்துக்கென்றே இருக்கும் ஒரு கிளினிக்குக்கு அவரை மாஸ்டரம்மா கையைப் பிடித்து அழைத்துப் போனாள். அங்கே ஒரு மெஷினைக் கொடுத்தார்கள். பெட்டி சிறியது. அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் நுனியில் மூக்கில் கவிழ்க்க ஒரு மாஸ்க், அதைத் தலையோடு கட்டப் பட்டைகள். தொண்டை மூடிக்கொள்ளாமல் இரவெல்லாம் அது காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். எத்தனை மணி நேரம் போட்டார், மூச்சு எத்தனை முறை நின்றது என்பதையெல்லாம் மெஷினே கிளினிக்குக்குச் சொல்லிவிடும். ஒழுங்காகப் போட்டால் வேலையில் இருக்கலாம், இல்லாவிட்டால் லைசென்ஸ் ஆபீசுக்கு எழுத வேண்டியிருக்கும் என்றார் அங்கிருந்த டாக்டர். மாஸ்டருக்குத் தெரிந்தது இந்த ஒரு தொழில்தான்.

முதல் நாள் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

"போர் விமானம் ஓட்டுறவன் மாதிரி இல்ல?"

"சாக்கடை அடைப்பு எடுக்க வந்தவர் மாதிரி இருக்கீங்க. படுங்க."

படுத்தார். விசில் கிளம்பியது. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் ஒரு இழுவை வருமே, அது. குக்கராவது ஒரு கட்டத்தில் விசிலை அடித்து ஓயும். இது ஓயவில்லை. அவ்வப்போது மூக்கோரத்தில் பர்ரென்று ஒரு கிழிசல் வேறு.

"பேரிங் போயிருக்கு" என்றார் மாஸ்டர். குறட்டையோடு இத்தனை வருடம் குடித்தனம் செய்தவளுக்கு அன்று தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போக வேண்டியிருந்தது.

அதன்பின் அவர் மெஷினை வண்டியாகவே நடத்தினார். அதிர்வைக் குறைக்கக் காரின் ரப்பர் மிதியடி ஒன்று அதன் அடியில் போனது. பிறகு மெஷினே துணி அலமாரிக்குள் போனது. கதவைச் சாத்தியதில் குழாய் நசுங்கிக் காற்று நின்று, அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார். அட்டைப்பெட்டியில் பஞ்சைச் சுற்றி வைத்ததில் சூடான காற்று வந்தது. ஒவ்வொரு ரிப்பேரின் முடிவிலும் ஒரு காரியம் மட்டும் தவறாமல் நடந்தது. சக்கரத்து நட்டை முறுக்குவது போல, மாஸ்க்கின் பட்டையை இன்னும் ஒரு இழுப்பு இறுக்குவார். காலையில் கன்னத்தில் வரிவரியாகத் தடம் இருக்கும்.

"முகத்துல என்ன மாஸ்டர், டயர் ஏறிடுச்சா?" என்று பழக வந்த பையன் கேட்டான். அன்று அவனுக்கு ரிவர்ஸ் மட்டும்தான்.

மாஸ்டரம்மாவின் தம்பி அவர்களோடுதான் இருக்கிறான். கிடங்கு ஒன்றில் ராத்திரி செக்யூரிட்டி. காலையில் வந்தால் சாயங்காலம்வரை தூக்கம். ஒரு நாள் வீட்டுக்குள் நுழைந்தவனை மாஸ்டர் மடக்கினார்.

"மாப்ளே, வண்டில கோளாறா, டிரைவர்கிட்ட கோளாறான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"எப்படி அத்தான்?"

"வேற ஆளை ஓட்டச் சொல்லணும். இதை மாட்டிக்கிட்டுப் படு."

தம்பி மாட்டிக்கொண்டு படுத்தான். விசில் இல்லை, பர்ர் இல்லை. சன்னமாக ஒரு காற்று, அவ்வளவுதான். சாயங்காலம் எழுந்து வந்தவன் முகத்தில் ஒரு தெளிவு. "ஹில் ஸ்டேஷன்ல படுத்த மாதிரி இருக்கு அக்கா."

கோளாறு டிரைவரிடம்தான் என்று இதிலிருந்து தெரிந்திருக்க வேண்டும். மாஸ்டர் இதிலிருந்து வேறொன்றைத் தெரிந்துகொண்டார். மெஷினுக்கு வேண்டியது ஒரு மூக்கு. அது யாருடையது என்று மெஷின் கேட்பதில்லை.

மறுநாளும் தம்பி மாட்டிக்கொண்டான். அதற்கு மறுநாளும். "டெஸ்ட் இன்னும் முடியல" என்றார் மாஸ்டர். விசில் போய்ப் பழைய குறட்டை திரும்பியிருந்தது. மாஸ்டரம்மாவும் தலையணையோடு அறைக்குத் திரும்பியிருந்தாள். தெரிந்த சத்தத்தின் பக்கத்தில் படுப்பதில் ஒரு சோம்பேறித்தனமான நிம்மதி இருந்தது. மருந்துக்கடை வரிசையில் அந்தப் பேச்சு காதில் விழும்வரை அது நீடித்தது.

கிளினிக்கிலிருந்து போன் வந்தது அந்த வார இறுதியில், மாஸ்டர் மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருக்கும்போது. கை எச்சில் என்று ஸ்பீக்கரில் போடச் சொன்னார். அடுத்த அறையில் மெஷின் போட்டுத் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான்.

"ரிசல்ட் ரொம்ப நல்லா இருக்கு சார்" என்றது ஒரு சின்னப் பெண்ணின் குரல். "முதல்ல கொஞ்சம் தகராறு. அப்புறம் மூச்சு ஒரு தடவைகூட நிக்கல. குழந்தை மாதிரி தூங்கியிருக்கீங்க."

மாஸ்டர் மனைவியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"ஒரே ஒரு சந்தேகம். உங்களுக்கு நைட் டியூட்டியா சார்?"

"இல்லம்மா. காலைல வண்டில உக்காந்தேன்னா சாயங்காலம் வரைக்கும் கிளாஸ்தான். சாப்பாட்டுக்கு மட்டும் வீட்டுக்கு வருவேன்."

போனில் எதையோ தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"சார், அந்தத் தகராறுக்கு அப்புறம் மெஷின் ஓடினது பூராவும் பகல்ல. காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும். தினமும். கிளாஸ் நேரம் முழுக்க நீங்க ஆழ்ந்து தூங்கிக்கிட்டு இருந்திருக்கீங்க." அவள் தயங்கினாள். "வண்டிலயே மாட்டிக்கிறீங்களா?"

மாஸ்டரின் கை தட்டுக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது. மேஜைக்கு அடியில் கால் அழுத்தமாக மிதித்தது.

"அது நான் இல்லம்மா. என் மச்சான்."

"யாரு சார்?"

"வீட்டம்மாவோட தம்பி. செக்யூரிட்டி வேலை."

"அவருக்கு எதுக்கு சார் மெஷின்?"

"அவனுக்குத் தேவையே இல்லம்மா. அதனாலதான் ரிசல்ட் நல்லா வந்திருக்கு."

டாக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்றாள் அந்தப் பெண். லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதுவதா, இன்னொரு மாதம் பார்ப்பதா என்று அவர்தான் முடிவு செய்வார். "நாளைக்கு மத்தியானம் நானே கூப்பிடறேன் சார். எடுக்காம இருந்துடாதீங்க. டாக்டர் தப்பா எடுத்துப்பார்."

மாஸ்டர் தட்டைத் தள்ளிவைத்தார்.

"எத்தனை பேரைப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுத் தூங்கினீங்க?" என்றாள் மாஸ்டரம்மா. "யாருக்காவது ஒண்ணு ஆயிருந்தா?"

"என்ன ஆயிடும்? என் கால்தான் பிரேக்லயே இருக்கே."

"கால் இருக்கு. நீங்க எங்க இருந்தீங்க?"

அன்றைய மீதிக் கிளாஸ்களுக்கு அவர் வண்டியை எடுக்கவில்லை. ராத்திரி அவராகவே மாஸ்க்கை எடுத்து, அவராகவே பட்டையை இறுக்கினார். விசில் விடியும்வரை நின்றபாடில்லை, அவரும் தூங்கினபாடில்லை.

காலையில் மாஸ்டரம்மா ஒவ்வொருவராகப் போன் போட்டு கிளாஸ் இல்லை என்றாள். "மாஸ்டருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். "இத்தனை நாளா சரியில்ல. இன்னைக்குத்தான் லீவு போட்டிருக்கார்" என்றாள்.

வேலையிலிருந்து வந்த தம்பி மெஷினைத் தேடினான்.

"அது அத்தானோடது. போய்ப் படு."

"அது இல்லாம எனக்குத் தூக்கமே வராது அக்கா."

"வரும். உனக்கு ஒண்ணும் இல்லன்னு கிளினிக்லயே சொல்லிட்டாங்க." போனவனைத் திரும்பக் கூப்பிட்டாள். "உனக்கு மட்டும் ஏன்டா அது விசில் அடிக்கல?"

"அத்தான் கட்டி வச்சிருந்ததைப் பாத்தா தலையே நசுங்கிடும் போல இருந்துச்சு. நான் தளர்த்திட்டேன். சும்மா மூஞ்சில வச்சாப் போதும்கா."

மதியம் மாஸ்டர் படுத்தார். குழாயை மாட்டி, மாஸ்க்கைக் கவிழ்த்து, இரண்டு கையாலும் பட்டையின் நுனியைப் பிடித்தார். விசில் ஆரம்பித்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்த மாஸ்டரம்மா அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"அது என்ன பண்ணிச்சு உங்கள? கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கிறீங்க."

மாஸ்க்குக்கு மேலே தெரிந்த இரண்டு கண்களும் அவளைப் பார்த்தன.

"எங்கயும் ஓடிப் போயிடாது" என்று பட்டையை ஒரு பக்கம் தளர்த்தினாள். விசில் இறங்கியது. மறுபக்கம் தளர்த்தினாள். மூக்கோரத்தில் ஒரு கடைசி பர்ர். அதன்பின் சன்னமான காற்று மட்டும். பூட்டிய அறைக்கு அந்தப்பக்கம் யாரோ விசிறிக்கொண்டிருப்பது போல.

கண்கள் மூடின. அவள் வழக்கம்போலக் காத்திருந்தாள். மூச்சு போனது, வந்தது. போனது, வந்தது. மேட்டில் ஏறவும் இல்லை, உச்சியில் நிற்கவும் இல்லை.

ஹாலில் போன் அடித்தது.

கிளினிக்தான். அவள் எழப்போனாள். எழுந்தால் கட்டில் அசையும். மூச்சு எப்படியும் ஒரு தடவை நிற்கும், அவர் தானாகவே புரள்வார், அப்போது போய் எடுத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தாள். மூச்சு போனது, வந்தது. போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. "அக்கா, போன்" என்றான் தம்பி, அடுத்த அறையிலிருந்து, தூக்கம் வராத குரலில்.

மாஸ்டரம்மா போர்வையின் நுனியைத் தூக்கிப் பார்த்தாள். வலது கால் விரல்களைத் தளரவிட்டு, வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.